தராசுக்காரர் ஏறிய தராசு

இனி இந்த ஆஸ்பத்திரி வாசற்படியை மிதிப்பதே இல்லை என்று எடைக்கல் சபதம் செய்தபோது, அந்த வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மாத்திரைப் பை. இன்னொரு கை மனைவியின் தோளில். நெஞ்சுக் குழியிலிருந்து வயிறு தொடங்கும் இடம் வரை நேர்கோடாக ஒரு தையல். தையலுக்குள்ளே எலும்பு, எலும்புக்குள்ளே இதயம், இதயத்துக்குள்ளே புத்தம் புதிய வால்வு. அது 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. பொய்யில்லை. உலோக வால்வு அப்படித்தான் சத்தம் போடும். அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஒரு முறையாவது தங்கள் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எடைக்கல் என்பது தெரு வைத்த பெயர். தொழில், தராசு ரிப்பேர். நகைக்கடைத் தராசில் ஈ உட்கார்ந்தால் ஈயின் எடையைச் சொல்வார். ஈ சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் அதைக் கழித்துச் சொல்வார். அரிசிக் கடைக்காரர் காலில் விழுந்து பார்த்திருக்கிறார், கறிக்கடைக்காரர் கத்தியைத் தீட்டிப் பார்த்திருக்கிறார். முள்ளை ஒரு மயிரிழை சாய்த்துக் கொடுத்ததில்லை. "முள்ளு சாஞ்சா குடி சாயும்" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்.

"ஐயா, வால்வு புதுசு. ஆனா சர்க்கரை பழசு, கிட்னி பழசு. ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. தேறுறதும் தேறாததும் இனிமே இவங்க ரெண்டு பேரு கையில."

"புரியலையேம்மா" என்றாள் மனைவி. புரியாததைப் புரியவில்லை என்று சொல்வது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

"சர்க்கரை ஏறினா தையல் ஆறாது, சீழ் வைக்கும். அந்தக் கிருமி ரத்தத்துல கலந்து புது வால்வுலயே போய் உக்காந்துக்கும். கிட்னி சோம்பேறித்தனம் பண்ணினா தண்ணி வெளிய போகாது. கால்ல தேங்கி, மேல ஏறி, நுரையீரலுக்கு வந்துடும். மூச்சு முட்டும்."

"முட்டுறதுக்கு முன்னால கண்டுபிடிக்க வழி இல்லையா?"

"தினமும் காலைல எடை பாருங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, தண்ணி. யோசிக்காம கூட்டிட்டு வாங்க."

எடை என்ற சொல்லைக் கேட்டதும் எடைக்கல்லின் காது நிமிர்ந்தது. உலகத்தில் எத்தனையோ கருவி இருக்க, தீர்ப்புச் சொல்லும் வேலையை அவருடைய கைப்பிள்ளையிடமே ஒப்படைத்திருக்கிறார்களே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

அவர் சபதத்துக்குக் காரணம் திமிர் இல்லை. பயம். கண் விழித்தபோது வாயில் குழாய், கைகள் கட்டிலோடு கட்டு. பக்கத்துக் கட்டிலில் ஒரு தபால்காரர். அவருக்கும் அதே வால்வு, அதே சர்க்கரை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். பேத்திக்குக் காது குத்தப் போவதைப் பற்றி. பிறகு அவர் தையல் கசிந்தது, காய்ச்சல் வந்தது, திரையை இழுத்தார்கள். திரை விலகியபோது கட்டில் இருந்தது, புது விரிப்பு இருந்தது. எடைக்கல் அந்த விரிப்பைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். சுருக்கமே இல்லாத விரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இரண்டு காரியம் செய்தாள். முதலாவது, தராசுக் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எலும்பு கூடுற வரைக்கும் கனமான எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்குக் கல்லைப் பாத்தா கை சும்மா இருக்காது." இரண்டாவது, காலையில் ஒரு பாட்டில் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"குடிக்க."

"இந்த வேளைக்கா?"

"இந்த நாளைக்கு."

எடைக்கல் பாட்டிலைப் பார்த்தார். பாட்டிலும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

அன்றிலிருந்து அவர் உடம்பு ஒரு கூட்டுக்குடும்பம் ஆனது. சர்க்கரை என்கிற மாமியார், "நாக்கு வறளுது, தண்ணி கொண்டா" என்பாள். கிட்னி என்கிற நாத்தனார், "என்னால சுமக்க முடியாது, கொண்டு வராதே" என்பாள். புது மருமகளாக வந்த வால்வு நடுவில் நின்று 'டிக் டிக்' என்று நகத்தைக் கடிக்கும். மருமகளுக்கு ஒரு குறையும் இல்லை. குணவதி. ஆனால் வாய்த்த வீடு அப்படி.

மாமியார்தான் ஜெயித்தாள். எடைக்கல் குளிக்கப் போனால் வாளித் தண்ணீரில் பாதி வெளியே போயிற்று, மீதி உள்ளே போயிற்று. வாய் கொப்பளிக்கப் போனால் கொப்பளித்த சத்தம் மட்டும் வெளியே வந்தது. போதாததற்குத் தலையணை உறைக்குள் பிஸ்கட்.

"என்னங்க, குளிச்சிட்டு வந்தா ஏன் ஏப்பம் விடுறீங்க?"

"சோப்பு ஒத்துக்கல."

ஒரு நாள் காலை எடை மெஷினில் ஏறினார். முள் ஒரு கிலோ தள்ளி நின்றது. மனைவியின் புருவம் இரண்டு கிலோ ஏறியது.

"இன்னும் ஒரு கிலோ ஏறட்டும், ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன்" என்றாள்.

எடைக்கல்லின் கண்ணுக்குள் அந்தச் சுருக்கமில்லாத விரிப்பு வந்து விரிந்தது.

மறுநாள் அவள் மாடியில் துணி காயப்போடும் நேரத்தில், எடை மெஷினைக் குப்புறக் கவிழ்த்தார். உள்ளே ஒரு நெம்புகோல், அதன் முனையில் ஒரு திருகு. உலகத்தாருக்கு அது வெறும் திருகு. அவருக்கு அது சத்தியம். அதில் ஸ்குரூடிரைவரை வைத்தார். திருகினார். கைதேர்ந்த வேலை. வெறுமனே பார்த்தால் முள் பூஜ்யத்தில் தவம் இருக்கும். ஆள் ஏறினால்தான் பொய் சொல்லும்.

அன்று எடை ஏறவில்லை. அதற்கு மறுநாளும் ஏறவில்லை. ஏறாமல் இருக்கும் அளவுக்கு அவர் தினமும் கொஞ்சம் திருகினார். எவ்வளவு திருகுகிறோம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால் உண்மை எடை தெரிந்துவிடும். தெரிந்தால் பயமாக இருக்கும். எனவே முள்ளைப் பார்த்தார், தன்னைப் பார்க்கவில்லை.

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் வீங்கின மாதிரி இருக்கே?"

"செருப்பு சின்னதாயிடுச்சு."

"செருப்பு எப்படிங்க சின்னதாகும்?"

"வெயில்ல சுருங்கும். தோலு இல்லையா?"

"ரப்பர் செருப்புங்க அது."

"அப்ப ரப்பர் சுருங்கும்."

"மத்தியானம் படுக்க எதுக்கு நாலு தலகாணி?"

"எண்ணம் உயர்வா இருக்கட்டும்னுதான்."

உண்மையில், நேராகப் படுத்தால் யாரோ மார்பில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு தலையணைக்கு உட்கார்ந்தவன் இரண்டாவதுக்கு எழுந்தான். பிறகு இரண்டுக்கும் எழவில்லை. மூன்று வைத்தார், நான்கு வைத்தார். தையலின் கீழ் முனையில் சட்டை ஒட்டிக்கொண்டது. அதை மெல்லப் பிரித்துப் பார்த்தார். ஈரம். வேர்வை என்று சொல்லிக்கொண்டார். வேர்வைக்கு மஞ்சள் நிறம் உண்டா என்று யாரையும் கேட்கவில்லை. தபால்காரரைக் கேட்டிருக்கலாம். அவர் இல்லை.

வீட்டில் சத்தம் இல்லாத நேரமே கூடாது என்றாயிற்று. சத்தம் இல்லாவிட்டால் வால்வு கேட்டது. முன்பெல்லாம் 'டிக்... டிக்...' என்று நிதானமாக நடந்தது, இப்போது 'டிக்டிக்டிக்' என்று ஓடியது. யாரோ துரத்துகிற மாதிரி. அது நின்றுவிடுமோ என்று காது கொடுத்துக் கேட்பார். கேட்கக் கேட்கப் பயம், பயத்தில் இன்னும் வேகம், வேகத்தைக் கேட்டு இன்னும் பயம். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாமே" என்றாள் மனைவி.

"எதுக்கு? எடை ஏறலையே. முள்ளு பொய் சொல்லுமா?"

"சொல்லாது" என்றாள். "முள்ளுக்குப் பொய் தெரியாது."

அவள் அப்படிச் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் குனிந்து செருப்பை மாட்டப் பார்த்தார், முடியவில்லை. மூச்சு பாதி வழியில் நின்றுகொண்டது. அப்போதுதான் ஒரு காரியம் உறைத்தது. ஊரில் உள்ள தராசுக்கெல்லாம் உண்மை சொல்லிக் கொடுத்தவருக்குத் தன் எடை எவ்வளவு என்று தெரியாது. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால் பழைய இடம் எது? சரிபார்க்க எடைக்கற்கள் வேண்டும். கற்கள் கடைக்குள். கடைச் சாவி இடுப்பில். இடுப்பு அடுப்படியில்.

"நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்றார்.

"போயிட்டு வாங்க. நடக்கச் சொல்லித்தானே இருக்காங்க" என்றாள் மனைவி, வழக்கத்துக்கு மாறாக உடனே. "தெருக்கோடி வரைக்கும் போங்க. மெதுவா."

நடந்தார். முதலில் தன்னுடைய பூட்டிய கடை முன்னால் நின்று பூட்டைப் பார்த்தார். பூட்டு நல்ல பூட்டு. இன்னும் கொஞ்சம் நடந்தால் பழைய இரும்புக் கடை. வாசலில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. ஆள் ஏறி நிற்கலாம். தட்டு மேல் தட்டாய்ப் பழைய பேப்பர், வாய் பிளந்த பிரிட்ஜ், மூன்று சக்கரம் உள்ள சைக்கிள், நடுவில் கடைக்காரன்.

"வாங்கண்ணே. பாத்து எவ்வளவு நாளாச்சு. உடம்பு தேறிடுச்சா?"

"தேறிடுச்சு தம்பி. உன் தராசு எப்படி இருக்கு?"

"உங்க கை பட்ட தராசுண்ணே. தங்கம்."

"என் கை பட்டப்ப தங்கம். அதுக்கு அப்புறம் உன் கை பட்டுச்சே. எவ்வளவு குறைச்சு வச்சிருக்க?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க."

"நான் சண்டைக்கு வரலப்பா. தெரிஞ்சுக்கக் கேக்குறேன்."

"சத்தியமா சொல்றேன், என் கையால அதைத் தொட்டு வருஷக் கணக்காச்சு."

கடைக்காரன் சத்தியம் செய்தால் குறைந்தது இரண்டு கிலோ என்பது தெருக் கணக்கு. எடைக்கல் மனதில் அதைக் குறித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து மேலே ஏறினார். முள் கிளம்பியது. அறுபத்தெட்டு. வீட்டு மெஷின் சொல்லும் எண் அதுதான். நில்லு தாயே என்றார். நிற்கவில்லை. எழுபது. எழுபத்தைந்து. அவருக்குக் கழுத்தில் வேர்த்தது. முள் தள்ளாடி, ஒரு மூச்சு விட்டு, எண்பதில் நின்றது.

இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எண்பது. சட்டைப் பையிலிருந்த பிஸ்கட்டைக் கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு ஏறினார். எண்பது.

"என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

எடைக்கல் மனதில் கணக்குப் போட்டார். குறைத்துக் காட்டுகிற தராசே எண்பது காட்டினால், குறைக்காத உண்மை எவ்வளவு? எண்பத்திரண்டா, எண்பத்தைந்தா? பதினாலு பதினேழு கிலோ தண்ணீர். ஒரு குடம் அல்ல, ஒரு அண்டா. அந்த அண்டாவுக்குள் ஒரு புது மருமகள் கழுத்தளவு தண்ணீரில் நின்று 'டிக் டிக்' என்று கத்திக்கொண்டிருக்கிறாள். அவர் காதுக்கு அது நன்றாகக் கேட்டது. கடைக்காரனுக்கும் கேட்டது.

"அண்ணே, உள்ள ஏதோ வேகமா ஓடுதுண்ணே."

வீடு போய்ச் சேர்ந்த வழி அவருக்கு நினைவில்லை. மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நான் போயிட்டு வரேன்."

"இப்பத்தானே போயிட்டு வந்தீங்க. எங்க?"

"மேல."

"மாடிக்கா? மூச்சு வாங்குதே, எதுக்கு?"

"அதுக்கும் மேல."

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி நறுக்கியது. எடைக்கல் உட்கார்ந்தார், சொன்னார். வாளித் தண்ணீரைச் சொன்னார். கொப்பளிக்காத கொப்பளிப்பைச் சொன்னார். தலையணை உறையைச் சொன்னார். கடைசியில் திருகைச் சொன்னார். சொல்லும்போது மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு குற்றத்துக்கும் நடுவில் இடைவேளை விட்டார். சட்டையைத் தூக்கித் தையலின் ஈர முனையையும் காட்டினார். அவள் அதைப் பார்த்தபோது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?"

"உடனே."

"நானா சொல்லல. நீங்களா சொல்றீங்க."

"நானாத்தான் சொல்றேன்."

"பாதி வழியில இறங்கி ஓடக் கூடாது."

"ஓடுற நிலைமையிலயா இருக்கேன்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. மூலையில் அவருடைய வேட்டி, துண்டு, மாத்திரையெல்லாம் ஒரு பையில் கட்டித் தயாராக இருந்தது. எப்படி என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. சாகப்போகிறவனுக்கு ஆட்டோ கிடைத்ததே பெரிது.

ஆஸ்பத்திரி வாசற்படியை மிதித்தார். வலது கால், இடது கால், இரண்டாலும் மிதித்தார். உள்ளே போனதும் எடை மெஷினில் நிறுத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுபத்திரண்டு" என்றார் நர்ஸ்.

கண் திறந்தது. "எவ்வளவு?"

"எழுபத்திரண்டுங்க ஐயா."

எடைக்கல் முகத்தில் எட்டு கிலோ இறங்கியது. "இந்தாம்மா, கேட்டியா? எழுபத்திரண்டுதான். அந்தப் பழைய இரும்புக்காரன் தராசு சுத்தப் பொய். வா, வீட்டுக்குப் போலாம்."

டாக்டரம்மா அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். அங்கே ஒரு குழி. மாவில் அழுத்தின மாதிரி. குழி நிரம்பும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது நிரம்பவில்லை.

"வீட்டுக்கு அனுப்பும்போது அறுபத்தெட்டு. நாலு கிலோ ஏறியிருக்கு, ஐயா. முழுக்கத் தண்ணி" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து மீதியைச் சொன்னார். "சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருக்கு. அதுதான் தையல் வாய் மூடல. கிட்னியும் திணறுது. ஊசி போட்டுத் தண்ணியை இறக்கணும், ஆனா மெல்லத்தான் இறக்கணும். அவசரப்பட்டா கிட்னி படுத்துடும். வால்வு மட்டும் நல்லா வேலை செய்யுது."

"மருமக நல்லவதான்" என்றார் எடைக்கல் ஈனக் குரலில். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"கொஞ்சம் தாமதிச்சு வந்திருந்தா, ஐயா, இப்படி உக்காந்து பேசிட்டிருக்க மாட்டோம். நல்ல வேளை, நீங்களா வந்தீங்க."

படுக்க வைத்தார்கள். சுருக்கமில்லாத விரிப்பு. அதன் மேல் முதுகு பட்டதும் அவருக்கு உடம்பு முழுக்கச் சில்லிட்டது. பக்கத்துக் கட்டிலை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் புரட்டினார். உயிரோடுதான் இருக்கிறார். இருந்தாலும் எடைக்கல் விரிப்பைக் காலால் உதைத்துக் கசக்கினார், நன்றாகக் கசக்கினார். அப்புறம்தான் தலையைச் சாய்த்தார்.

"அந்த இரும்புக்காரன் பயத்துலயே என்னைக் கொன்னிருப்பான்" என்றார். "எட்டு கிலோ கூட்டிக் காட்டுறான், பாவி."

"அவனைத் திட்டாதீங்க" என்றாள் மனைவி, அவர் கால்மாட்டில் உட்கார்ந்து. "அவனுக்குக் கூட்டவே தெரியாது. குறைக்கத்தான் தெரியும்."

"பின்ன எப்படி எண்பது?"

"நான்தான் திருகினேன்."

எடைக்கல்லின் வால்வு ஒரு 'டிக்'கைத் தவறவிட்டது.

"நீயா?"

"நீங்க தராசு ரிப்பேர் பண்றப்ப டார்ச் பிடிச்சது யாரு, இத்தனை வருஷமா? டார்ச் பிடிக்கிறவளுக்குக் கண்ணு இருக்காதா?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துச் சாயங்காலம். நீங்க ரேடியோ கேக்கும்போது நான் அந்த மெஷின்ல ஏறினேன். கல்யாணத்தன்னிக்கு இருந்த எடை காட்டுச்சு. ஓடிப்போய்க் கண்ணாடியில பாத்தேன். கண்ணாடி அப்படிச் சொல்லல. உடனே இங்க போன் பண்ணேன். கையோட கூட்டிட்டு வாங்கன்னாங்க. எப்படிக் கூட்டிட்டு வரது? சொன்னா வருவீங்களா? நேருக்கு நேரா கேட்டிருந்தா இன்னும் நல்லாத் திருகியிருப்பீங்க."

"அதுக்காக?"

"நெனச்சுப் பாத்தேன். இவரு யார் பேச்சையும் கேக்க மாட்டாரு, தராசு பேச்சைத்தான் கேப்பாரு. நம்ம கடை பூட்டிக் கிடக்கு. தெருவுல ஆள் ஏறுற மாதிரி வேற தராசு ஒண்ணே ஒண்ணுதான். இரும்புக்காரத் தம்பிகிட்டச் சொல்லிட்டு ஸ்குரூடிரைவரோட போனேன். 'அண்ணி, அப்புறம் பழையபடி சரியா வச்சுக் குடுத்துடணும்'னு மட்டும் கெஞ்சினான். சரியான்னா, அவனோட சரி."

எடைக்கல் கூரையைப் பார்த்தார். அவன் கையால் தொடவில்லை என்று செய்த சத்தியம் உண்மைதான். அந்தக் கடையில் அதுவே முதல் உண்மை.

"ரெண்டு மூணு கிலோ கூட்டினா போதாதா? எட்டு கிலோவா?"

"ரெண்டு மூணுக்கு நீங்க சோப்பு, செருப்புன்னு ஏதாவது சொல்லியிருப்பீங்க" என்றாள். அவர் கால் குழியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். "இங்க வர வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. எண்பதைப் பாத்து வழியிலயே விழுந்துடுவீங்களோன்னு உங்க பின்னாலயே வந்தேன். நீங்க திரும்பிப் பாக்கல. சந்து வழியா ஓடி முன்னால வந்து காய் நறுக்கினேன்."

"நறுக்கின காய் என்ன?"

"யாருக்குத் தெரியும்? கையில வந்ததை நறுக்கினேன்."

அவருக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. தையல் வலிக்கும் என்று விட்டுவிட்டார். ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மருமகள் ஓட்டத்தைக் குறைத்து நடக்கத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில் ஒரு நர்ஸ், பக்கத்து வார்டின் எடை மெஷினைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். கையில் ஒரு ஸ்குரூடிரைவர்.

"இங்க தராசு ரிப்பேர் பண்றவங்க ஒருத்தர் அட்மிட் ஆகியிருக்காங்கன்னு சொன்னாங்க. முள்ளு நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துக் கொடுக்க முடியுமா?"

எடைக்கல்லுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. எத்தனை காலத்துத் தொழில், எப்பேர்ப்பட்ட பெயர். ஊசி குத்தாத கையை மெல்ல உயர்த்தினார்.

"அவரு இல்ல சிஸ்டர்" என்று எழுந்துபோய் ஸ்குரூடிரைவரை வாங்கிக்கொண்டாள் மனைவி. "நான்தான்."